முதல் மூன்று நாள்: பிரிட்டனின் 2001 கோமாரியும் திட்டமிட்ட தாக்குதலுக்கான தயாரிப்பும்

ஒரு நாட்டின் பண்ணைகளை யாராவது வேண்டுமென்றே குறிவைத்தால் அரசு எப்படித் தாங்கும் என்று பார்க்கப் பல நாடுகளில் மேசை ஒத்திகைகள் நடக்கின்றன. எந்த ஒத்திகையும் காட்டாத அளவுக்கு விவரமாக அதைக் காட்டியது 2001-இல் பிரிட்டனில் பரவிய கோமாரி. அதில் சதி இல்லை, எதிரி இல்லை. நார்த்தம்பர்லாந்தின் ஒரு பன்றிப் பண்ணையில், முறையாக வேகவைக்காத உணவுக் கழிவைத் தீனியாகப் போட்டதே பெரும்பாலும் தொடக்கமாக இருக்கும் என்று அரசு விசாரணை முடிவுக்கு வந்தது. விளைவு: 221 நாள், நோய் கண்டதாக அறிவிக்கப்பட்ட 2,026 பண்ணைகள், கொல்லப்பட்ட 65 லட்சம் கால்நடைகள். அரசுக்கு 300 கோடி பவுண்டுக்கும் தனியார் துறைக்கு 500 கோடி பவுண்டுக்கும் மேல் செலவானது. மே 3-இல் நடக்கவிருந்த தேர்தல்கள் ஜூன் 7-க்குத் தள்ளிப்போயின.

திட்டமிட்ட தாக்குதலைப் பற்றிப் பேச இந்த நிகழ்வை எடுக்கக் காரணம் உண்டு. நோய் தானாக வந்ததா, ஏவப்பட்டதா என்பது முதல் 72 மணி நேரத்தில் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் சேதத்தின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டே: எவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டது, எவ்வளவு சீக்கிரம் கால்நடை நடமாட்டம் நின்றது. 2001-இல் இரண்டும் தவறின. 2007-இல் அதே நாட்டில் இரண்டும் ஓரளவு சரியாக நடந்தன. இடையில் 2005-இல், நியூசிலாந்தில், வைரஸே இல்லாத ஒரு மிரட்டல் வந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தயாரிப்பு என்றால் என்ன என்பது தெளிவாகும்.

நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அளவு

பிளந்த குளம்புள்ள விலங்குகள் எல்லாவற்றுக்கும் கோமாரி வரும்: மாடு, பன்றி, செம்மறி, வெள்ளாடு, மான். மனிதருக்கு இதனால் ஆபத்து இல்லை என்றே கொள்ளலாம். வளர்ந்த விலங்குகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். கன்றும் குட்டியும்தான் அதிகம் சாகும். வாயிலும் குளம்புப் பிளவிலும் மடியிலும் கொப்புளம், எச்சில் ஒழுகல், நொண்டல், பால் குறைவு. தொற்று ஏறியதிலிருந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம். மாட்டிலும் பன்றியிலும் அறிகுறி பளிச்சென்று தெரியும். செம்மறியில் அப்படி இல்லை. லேசாக நொண்டும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். மந்தை பார்க்கும் அனுபவசாலிகளே இதை வழக்கமான குளம்பழுகல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். 2001-இன் கதை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

நோய் இல்லாத நாடு என்ற சான்று போய்விட்டால் இறைச்சி, பால், உயிர்க்கால்நடை ஏற்றுமதி அன்றே நிற்கும். உயிரிழப்பு குறைவான ஒரு நோய்க்கு அரசுகள் இவ்வளவு அஞ்சுவது இந்த வணிகக் காரணத்தால்தான். தடுப்பூசி போடலாமா கூடாதா என்ற சண்டையின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

கண்ணில் பட்ட இடம்

2001 பிப்ரவரி 19 அன்று எஸ்ஸெக்ஸில் லிட்டில் வார்லி என்ற ஊரின் இறைச்சிக்கூடத்தில், வெட்டுக்கு முன் விலங்குகளைப் பார்வையிடும் அரசு அங்கீகாரம் பெற்ற மருத்துவர் பன்றிகளில் கொப்புளம் கண்டு தகவல் கொடுத்தார். மறுநாள் பிர்பிரைட் ஆய்வகம் உறுதிசெய்தது: ‘ஓ’ வகை, பான்-ஏசியா திரிபு. அங்கிருந்து பின்னோக்கித் தடம் பிடித்துப் போனவர்கள் 22-ஆம் தேதி, சில நூறு கிலோமீட்டர் வடக்கே ஹெட்டன்-ஆன்-த-வால் என்ற ஊரின் பன்றிப் பண்ணையை அடைந்தார்கள். அங்கிருந்த பன்றிகளின் புண்கள் பழையவை.

புண்ணின் வயதைக் கணிப்பது இந்த வேலையில் முக்கியமான திறன். உடையாத கொப்புளம் என்றால் ஓரிரு நாள்; கிழிந்த தோல் ஓரத்தில் தொங்கினால் மூன்று நாள் வரை; ஓரம் மழுங்கி உள்ளே நார்த்திசு ஏறினால் ஒரு வாரத்துக்கு மேல். பண்ணையில் கிடைக்கும் மிகப் பழைய புண்ணின் நாளிலிருந்து மேலும் 14 நாள் பின்னே போய், அந்த இடைவெளியில் உள்ளே வந்தவை, வெளியே போனவை எல்லாவற்றையும் பட்டியலிட வேண்டும். ஹெட்டனில் இந்தக் கணக்கைப் போட்டபோதே செய்தி மோசமானது என்று தெரிந்துவிட்டது. பிப்ரவரி முதல் வாரத்திலோ அதற்கும் முன்போ நோய் அங்கே இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. தகவல் தராததற்கும் கழிவுத் தீனி விதிகளை மீறியதற்கும் பண்ணைக்காரர் பின்னர் தண்டிக்கப்பட்டார்.

அதற்குள் காற்றின் வழியே பக்கத்துப் பான்டிலண்டின் ஒரு பண்ணைக்கு வைரஸ் போயிருந்தது. அங்கிருந்த செம்மறிகள் பிப்ரவரி 13-இல் ஹெக்சம் சந்தைக்குப் போயின. அங்கிருந்து கம்பிரியாவின் லாங்டவுன் சந்தை. லாங்டவுனிலிருந்து வியாபாரிகளின் லாரிகளில் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ், தெற்கே டெவன் என நாடெங்கும். இறைச்சிக்கூட மருத்துவர் கொப்புளம் கண்டு நோய் உறுதியாவதற்குள்ளாகவே குறைந்தது 57 பண்ணைகளில் தொற்று இருந்ததாகப் பின்னாளைய கணக்கு சொல்கிறது. ஒரே இடத்தில் தொடங்கிய நோய், பார்ப்பவருக்குப் பல இடங்களில் ஒரே நேரத்தில் வெடித்ததைப் போலத் தெரிந்தது. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தேகப் பார்வை உள்ள ஓர் அதிகாரி இந்த வரைபடத்தைப் பார்த்தால் தாக்குதல் என்றே முடிவு கட்டியிருப்பார்.

மூன்று நாள் தாமதம்

20-ஆம் தேதி நோய் உறுதி. நாடு முழுக்கக் கால்நடை நடமாட்டத் தடை 23-ஆம் தேதி மாலை. இடைப்பட்ட நாள்களில் சந்தைகள் நடந்தன. 22-ஆம் தேதி லாங்டவுனில்கூட நடந்தது. தடையை 20-ஆம் தேதியே போட்டிருந்தால் பரவலின் அளவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்திருக்கும் என்று பின்னர் ஒரு மதிப்பீடு வந்தது. ஒரே ஒரு முடிவுக்கு இவ்வளவு எடை.

ஏன் தாமதித்தார்கள்? முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அப்போது கையில் இருந்தது ஒரு இறைச்சிக்கூடமும் பன்றிகளும் மட்டுமே. பன்றி நோய்க்காக நாட்டின் செம்மறிச் சந்தைகளையெல்லாம் மூடுவது மிகையாகத் தெரிந்தது. தொற்று எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த வட்டாரத்தை மட்டும் அடைப்பது நடைமுறையாக இருந்தது. அந்த நடைமுறையின் அடியில் ஒரு ஊகம் ஒளிந்திருந்தது: முதலில் தென்படுவதே முதல் நோயாளி என்பது. திட்டமிட்ட தாக்குதலிலும் இந்த ஊகம் பொய்க்கும், விபத்திலும் பொய்க்கும். ஆகவே தடைக்கான ஆணை முன்கூட்டியே எழுதி, சட்டச் சரிபார்ப்பு முடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்க வேண்டும். முதல் ஆய்வக உறுதிக்குச் சில மணி நேரத்தில் கையெழுத்தாக வேண்டும். மூன்று நாள் வீண் தடையால் வரும் நட்டம் கணக்கிடக்கூடியது, ஈடு கொடுக்கக்கூடியது.

இன்னொரு ஓட்டை பதிவேட்டில் இருந்தது. மாடுகளுக்கு 1996 முதல் தனித்தனி அடையாள ஆவணம் உண்டு. 1998 முதல் கணினிப் பதிவும் உண்டு. செம்மறிகளுக்குத் தனி எண் இல்லை; மந்தைக்கு ஒரு குறியீடு, கைப்பதிவு, அவ்வளவே. சந்தைக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் கைமாறிய ஆடுகளுக்கு அதுவும் இல்லை. யார் யாரிடம் வாங்கினார் என்பதை வியாபாரிகளின் நினைவிலிருந்தும் காசோலைக் கட்டைகளிலிருந்தும் தோண்டியெடுக்க வேண்டியிருந்தது. நோய் ஒளிந்துகொள்ளும் விலங்குக்கே பதிவும் இல்லாமல் போனது, இரண்டு பலவீனங்கள் ஒரே இடத்தில் கூடிய கதை.

பத்துப் பண்ணைக்கான திட்டம்

காகிதத்தில் அவசரகாலத் திட்டம் இருந்தது. ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்துப் பண்ணைகளில் நோய் இருக்கும் என்ற அளவில் அது எழுதப்பட்டிருந்தது. அரசின் களக் கால்நடை மருத்துவர்கள் சுமார் 220 பேர். 1999-இல் துறைக்குள்ளேயே எழுதப்பட்ட டிரம்மண்ட் அறிக்கை, பெரிய பரவல் வந்தால் தாங்காது என்று எச்சரித்தது. நடவடிக்கை மெதுவாகவே நகர்ந்தது. 1967-68 பரவலுக்குப் பிறகு வந்த நார்த்தம்பர்லாந்து குழு அறிக்கையோ, வேகமும் படையின் உதவியும் வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு ஐம்பது பண்ணைகள் வரை புதிதாக வந்தன. உச்சத்தில் மருத்துவர், படைவீரர், களப்பணியாளர் எனப் பத்தாயிரம் பேருக்கு மேல் இறங்கி, நாளொன்றுக்கு ஒரு லட்சம் விலங்குகள் வரை கொன்று அகற்ற வேண்டியிருந்தது.

இங்கே எது எதனால் அடைத்தது என்பதுதான் பயனுள்ள பாடம். சந்தேகம் வந்ததும் பண்ணைக்கு ‘ஏ’ படிவம் கொடுத்துப் பூட்டிவிடுவார்கள். அதில் சிக்கல் இல்லை. நோய் கண்ட பண்ணைக்குள் போன மருத்துவர் அடுத்த சில நாள் நோயில்லாத பண்ணைக்குள் போகக்கூடாது. சரியான விதி; ஆனால் 220 பேரில் ஒவ்வொரு நாளும் ஒரு பகுதி இப்படி ஒதுங்கிப்போனது. அதனால் சந்தேகப் பண்ணைகளைப் பார்க்க ஆள் இல்லை. பார்க்காததால் கொல்வதில் தாமதம். கொன்றதும் அகற்ற வண்டி இல்லை. அழுகும் உடல்கள் கொட்டிலில் நாள்கணக்கில் கிடந்தன. முதல் சில வாரங்களில் தகவல் வந்ததிலிருந்து கொல்லும் வரை 24 மணி நேரத்தைத் தாண்டியவை ஏராளம். மார்ச் 20 வாக்கில் இராணுவம் வந்தபோது அவர்கள் கொண்டுவந்தது துப்பாக்கி அல்ல, தளவாட ஒழுங்கு: எந்த லாரி, எந்தப் பாதை, எந்தக் குழி, எந்த மணிக்கு. இதை இன்னும் முன்பே செய்திருக்கலாம் என்பதைப் பின்னர் நடந்த விசாரணைகள் சொல்லின.

உடல்களை அகற்றுவது தனித் துயரம். வயல்களில் அடுக்கி எரித்த சிதைகளின் படங்கள் உலகமெங்கும் போய், சுற்றுலாவைக் கொன்றன. சுற்றுலா இழந்த வருவாய், பண்ணைத் துறையின் இழப்பைவிடப் பெரியது. நல்ல வழி, மூடிய லாரியில் ஏற்றிக் கொழுப்பு உருக்கும் ஆலைக்கு அனுப்புவது. ஆனால் ஆலைகளின் திறன் போதவில்லை, கசியாத லாரிகளும் போதவில்லை. பெருங்குழிகள் தோண்டினார்கள். கம்பிரியாவின் கிரேட் ஆர்ட்டன் விமானத்தளத்தில் மட்டும் சுமார் 4.6 லட்சம் உடல்கள் புதைக்கப்பட்டன. வேல்ஸின் எப்பிண்ட்டில் புதைத்த உடல்களிலிருந்து கசிவு கண்டு, எல்லாவற்றையும் திரும்பத் தோண்டி எரிக்க வேண்டியிருந்தது. டெவனில் ஆஷ் மூர் குழி செலவழித்துத் தயாராகி, ஒரு உடலும் இறங்காமலே மூடப்பட்டது. நிலத்தடி நீர், மண், அணுகுசாலை, ஊர்மக்களின் ஒப்புதல் நான்கையும் அமைதிக்காலத்தில் பார்த்து இடம் குறித்து வைக்காவிட்டால் நெருக்கடியில் இப்படித்தான் நடக்கும்.

ஈட்டுத்தொகையிலும் ஒரு சறுக்கல். மதிப்பீட்டாளர்களுக்காகக் காத்திருப்பது கொல்வதைத் தாமதப்படுத்துகிறது என்று மார்ச் 22-இல் அரசு நிலையான விலைப்பட்டியல் ஒன்றை அறிவித்தது. பிடிக்காதவர்கள் தனி மதிப்பீடு கேட்கலாம் என்றும் சொன்னது. பட்டியல் விலை தரைவிலையாகிவிட்டது. தனி மதிப்பீடுகள் அதற்கு மேலே ஏறிக்கொண்டே போயின. தகவல் தரும் பண்ணைக்காரருக்கு நியாயமான ஈடு உறுதி என்பது கண்காணிப்பின் உயிர்நாடி. ஆனால் அந்த விலையின் கணக்கு நோய் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வேலிக்கு அப்பால் கொன்றது

மார்ச் 23-இல் புதிய கொள்கை வந்தது. நோய் கண்ட பண்ணையில் 24 மணி நேரத்துக்குள் கொலை. எல்லை ஒட்டிய பண்ணைகளில் 48 மணி நேரத்துக்குள். கணித மாதிரிக் குழுக்களின் கணக்கு இதற்குப் பின்னால் இருந்தது. முதல் பாதியை யாரும் மறுக்கவில்லை. இரண்டாம் பாதி இன்றுவரை விவாதம். விலங்குகள் கொல்லப்பட்ட பண்ணைகள் மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல். நோய் கண்டவை என்று எழுதப்பட்டவை 2,026. அவற்றிலும், மாதிரி எடுத்துச் சோதித்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் வைரஸ் தென்படவில்லை. வேகத்துக்காக ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் கண்பார்வையில் முடிவெடுத்ததன் விலை அது. செம்மறியின் வாய்ப்புண்கள் எல்லாம் கோமாரி அல்ல.

எங்கள் கணிப்பு இது: தடை தாமதமானதால் வந்த கடனை, வேலி ஒட்டிய கொலைகள் மூலம் வட்டியோடு கட்டினார்கள். தடையாலேயே தீனியின்றித் தவித்த சுமார் 20 லட்சம் விலங்குகளை நல அடிப்படையில் கொன்றதும் இதே கணக்கில் சேரும். நீண்ட தடை போடும் எந்தத் திட்டமும், அடைபட்ட மந்தைக்குத் தீனி எப்படிப் போகும் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

தடுப்பூசி கையில் இருந்தும் போடவில்லை. அன்றைய பன்னாட்டு விதிப்படி, அவசரத் தடுப்பூசி போட்டு விலங்குகளை உயிரோடு வைத்தால் நோயற்ற தகுதி திரும்ப 12 மாதம் ஆகும். எல்லாவற்றையும் கொன்றால் 3 மாதம். உணவுத் தொழிலும் விவசாயச் சங்கத் தலைமையும் 3 மாதத்தைத் தேர்ந்தெடுத்தன. நெதர்லாந்து அதே ஆண்டு 26 பண்ணைகளில் நோய் கண்டதும் சுற்றுவட்டத்தில் தடுப்பூசி போட்டு, பின்னர் அந்த விலங்குகளைக் கொன்றது. நோய் ஓரிரு மாதத்தில் அடங்கியது. 2002-இல் விதி 12 மாதத்திலிருந்து 6 மாதமாகக் குறைந்தது. தடுப்பூசியால் வந்த எதிர்ப்புப் பொருளையும் உண்மைத் தொற்றால் வந்ததையும் பிரித்தறியும் இரத்தப் பரிசோதனை அதற்கு வழிவிட்டது. 2003-இல் ஐரோப்பிய விதியும் அவசரத் தடுப்பூசியை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது.

2007: அதே நாடு, வேறு முடிவு

2007 ஆகஸ்ட் 3-இல் சர்ரேயின் நார்மண்டி கிராமத்தருகே மாடுகளில் கோமாரி உறுதியானது. அன்றிரவே நாடு முழுக்க நடமாட்டத் தடை. 3 கிலோமீட்டர் பாதுகாப்பு வளையம், 10 கிலோமீட்டர் கண்காணிப்பு வளையம். மறுநாளே திரிபு அடையாளம் தெரிந்தது: ஆய்வகங்களிலும் தடுப்பூசித் தயாரிப்பிலும் பயன்படும் 1967-ஆம் ஆண்டுத் திரிபு. இயற்கையில் அப்போது உலவாத வைரஸ் வயலில் இருக்கிறதென்றால் ஊகிக்க அதிகமில்லை. சில கிலோமீட்டர் தள்ளி இருந்த பிர்பிரைட் வளாகத்தின் பழைய கழிவுநீர்க் குழாய்களில் கசிவு இருந்தது. கட்டுமான வண்டிகள் அந்த ஈர மண்ணை வெளியே கொண்டுபோயிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. நோயைக் கண்டறியும் ஆய்வகமே நோயின் ஊற்றாகலாம் என்பதும் பாதுகாப்புத் திட்டத்தின் ஒரு வரிதான்.

மொத்தம் 8 பண்ணைகள். இருந்தும் அதில் ஒரு தடுமாற்றம் நடந்தது. செப்டம்பர் 8-இல் நோய் ஓய்ந்ததாக அறிவித்தார்கள். 12-ஆம் தேதி எகாமில் மீண்டும் வந்தது. மரபணு வரிசையைப் படித்தவர்கள், ஆகஸ்ட் பண்ணைகளுக்கும் எகாமுக்கும் நடுவே ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது என்றார்கள். அதன்பின் தேடியதில், ஆறிப்போன பழைய புண்களோடு ஒரு பண்ணை கிடைத்தது. அந்தக் கால அளவில் மரபணு மாற்றங்களை எண்ணிப் பரவல் சங்கிலியைக் கட்டும் முறை, பண்ணைக்காரர்களின் நினைவைவிட நம்பகமான சாட்சியாக நின்றது. அரசுக்கு 4.7 கோடி பவுண்டு, தொழிலுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு நட்டம். 2001-உடன் ஒப்பிட எண்ணே போதும்.

வைஹெகே: வைரஸ் இல்லாத தாக்குதல்

2005 மே 10 அன்று நியூசிலாந்துப் பிரதமர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஆக்லாந்துக்கு எதிரே உள்ள வைஹெகே தீவில் கோமாரி வைரஸை விட்டுவிட்டதாகவும், கேட்டது கிடைக்காவிட்டால் இன்னோரிடத்திலும் விடப்போவதாகவும் அதில் எழுதியிருந்தது. புரளி என்றே அதிகாரிகள் கருதினர். ஆனாலும் நியூசிலாந்தில் கோமாரி ஒருபோதும் வந்ததில்லை. அந்நாட்டின் ஏற்றுமதியோ பாலையும் இறைச்சியையும் நம்பியது. ஒரு பரவல் வந்தால் முதல் ஆண்டில் 600 கோடி நியூசிலாந்து டாலர் இழப்பு என்று 2003-இலேயே ரிசர்வ் வங்கியும் கருவூலமும் கணக்குப் போட்டிருந்தன.

தீவிலிருந்து கால்நடையோ கால்நடைப் பொருளோ வெளியேறத் தடை விழுந்தது. மருத்துவர்கள் பண்ணை பண்ணையாக விலங்குகளை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். நோயின் அடைகாலம் தீரும் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரம், இது நடந்தது. ஒரு கொப்புளமும் இல்லை, தடை நீங்கியது. வர்த்தகக் கூட்டாளி நாடுகளுக்கு அரசு தானே முந்திக்கொண்டு தகவல் சொன்னதுதான் இதில் மிகச் சரியான நகர்வு. மறைத்துப் பின்னர் வெளிவந்திருந்தால் வைரஸ் இல்லாமலேயே ஏற்றுமதி நின்றிருக்கும்.

மிரட்டல் கடிதத்துக்கான செயல்முறை நோய்க்கான செயல்முறையிலிருந்து ஒரே இடத்தில்தான் வேறுபடுகிறது: பொருள் சான்று. கடிதத்தையும் உறையையும் முதலில் தொட்டவர் யார், எங்கே வைத்தார் என்பதிலிருந்தே காவல்துறையின் வேலை தொடங்குகிறது. அஞ்சல் பிரிக்கும் ஊழியருக்கு இந்த ஐந்து நிமிடப் பயிற்சி இல்லாத அலுவலகங்கள் அநேகம்.

நோக்கம் இருந்தால் எது மாறும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் த டேல்ஸ் என்ற சிற்றூரில் 1984-இல் 751 பேர் சால்மொனெல்லாவால் நோயுற்றார்கள். உணவகங்களின் சாலட் மேசைகளில் ஒரு மதக்குழுவினர் வேண்டுமென்றே கலந்தது அது. முதல் விசாரணை, உணவகப் பணியாளர்களின் கைச்சுத்தக் குறைவே காரணம் என்று எண்ணியது. மறு ஆண்டு அந்தக் குழுவின் தலைவரே வெளிப்படையாகக் குற்றம் சாட்டிய பிறகுதான் உண்மை வந்தது. சதியை முதலில் நிரூபித்துவிட்டு நடவடிக்கை எடுப்போம் என்று காத்திருப்பவர்கள் ஓராண்டு காத்திருப்பார்கள்.

ஆகவே மருத்துவரின் வேலை வரிசை மாறுவதில்லை. மாறுவது, அதனோடு இணைந்து நடக்க வேண்டிய இன்னொரு வேலை. நோய் கட்டுப்பாடு எல்லாவற்றையும் கழுவச் சொல்லும்; குற்ற விசாரணை எதையும் தொடாதே என்னும். இரண்டும் ஒரே கொட்டிலில் மோதும். தீர்வு வரிசையில் இருக்கிறது. கிருமிநீக்கக் குழு இறங்குவதற்கு முன்பு தீனித் தொட்டி, தண்ணீர்க் குழாய், வாசல், வண்டித் தடம் ஆகியவை படமெடுக்கப்பட வேண்டும். தீனி, தண்ணீர், விலங்கு மாதிரிகள் இரட்டையாக எடுக்கப்பட வேண்டும்: ஒன்று ஆய்வகத்துக்கு, மற்றது முத்திரையிட்டு, கைமாறும் ஒவ்வொரு முறையும் கையெழுத்தோடு காவலுக்கு. இதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் போதும். பண்ணைக்காரரிடம் கேட்கும் கேள்விகளையும் இரு துறையும் சேர்ந்து ஒரே முறை கேட்க வேண்டும். காவலர் தனியாக வந்து கேட்டால், தொற்றுக்குக் காரணமான விதிமீறலை அவர் மறைப்பார். ஹெட்டனில் மௌனம் என்ன செய்தது என்பதைப் பார்த்தோம்.

சதி இருக்குமோ என்று சந்தேகிக்க வழிகாட்டும் குறிகள் சில உண்டு. உள்நாட்டிலும் அண்டையிலும் உலவாத திரிபு, அல்லது ஆய்வகத் திரிபு. தடம் பிடித்தலில் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் கிடைக்காத இரண்டு பண்ணைகளில் ஒரே வயதுப் புண்கள். வழக்கமான நுழைவழி எதுவும் பொருந்தாமை. ஒவ்வொன்றுக்கும் அப்பாவியான விளக்கமும் உண்டு என்பதை 2001-உம் 2007-உம் காட்டின. ஆகவே குறி கிடைத்தால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும், ஊடகத்துக்குச் சொல்லக்கூடாது.

அமெரிக்கா 2004 ஜனவரியில் வேளாண்மையும் உணவும் காக்கப்பட வேண்டிய அடிப்படைக் கட்டமைப்பு என்று அதிபர் ஆணை வழியாக அறிவித்தது. நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள் அனுப்பக்கூடிய கால்நடைத் தடுப்பு மருந்து இருப்பு அதில் ஒரு கட்டளை. எண்ணை விதியில் எழுதிவிட்டது நல்லது. ஆனால் தடுப்பூசி வங்கியில் பெரும்பாலும் இருப்பது ஊசியில் ஏற்றத் தயாரான மருந்து அல்ல. உறையவைத்த செறிவு மூலப்பொருள். அதைக் கலந்து, நிரப்பி, களத்துக்குக் கொண்டுபோகச் சில நாள், உடலில் எதிர்ப்பு உருவாக மேலும் சில நாள். அந்த இடைவெளியை நிரப்புவது நடமாட்டத் தடை மட்டுமே.

களத்தில் கழுவும் வேலை

கோமாரி வைரஸ் அமிலத்தையும் காரத்தையும் தாங்காது. கார-அமில அளவு (pH) 6-க்குக் கீழோ 9-க்கு மேலோ போனால் செயலிழக்கும். 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசல், 0.2 சதவீத சிட்ரிக் அமிலம் போன்ற எளிய பொருள்களே போதும். தோல்வி வருவது மருந்தில் அல்ல, வரிசையில். சாணமும் மண்ணும் ஒட்டிய சக்கரத்தின் மேல் எதைத் தெளித்தாலும் வேலை செய்யாது. முதலில் சுரண்டு, பிறகு சோப்புநீரால் கழுவு, வடியவிடு, அதன்பின் கரைசலைத் தெளித்துக் குறைந்தது பத்து நிமிடம் ஈரமாக விடு. சக்கரத்தின் உள்வளைவு, ஓட்டுநர் மிதிக்கும் ரப்பர் பாய், இறக்கும் பலகையின் அடிப்பக்கம் மூன்றும் வழக்கமாக விடுபடும் இடங்கள். 2001-இல் சாலைகளின் குறுக்கே விரித்த கிருமிநாசினி வைக்கோல் பாய்கள் மழையில் நீர்த்தன, வெயிலில் காய்ந்தன. மக்களுக்கு ஆறுதல் தந்தன என்பதைத் தாண்டி அவற்றுக்குப் பெரிய பயன் இல்லை.

முதற்கட்டக் கிருமிநீக்கம் கொன்ற அன்றே. இரண்டாம் கட்டம், கொழுப்பு நீக்கும் கழுவலோடு, இரண்டு சுற்று. அது முடிந்து குறைந்தது 21 நாள் கொட்டில் காலியாகக் கிடக்க வேண்டும். பிறகும் முழு மந்தையை இறக்குவதில்லை. தொற்றே காணாத சில விலங்குகளை முன்னோட்டமாக விட்டு, பண்ணையின் எல்லா மூலைகளிலும் உலவ வைத்து, மருத்துவர் அடிக்கடி வாயையும் குளம்பையும் பார்ப்பார். இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவை. வைக்கோல் போர், சாணக் குழம்புத் தொட்டி, பழைய கம்பளி மூட்டை போன்ற கழுவ முடியாத பொருள்கள் இருக்கும் பண்ணையில் இந்தக் கட்டத்தைக் குறைக்க எந்த அதிகாரிக்கும் விருப்புரிமை கொடுக்கக்கூடாது; அவற்றுக்கான ஈட்டுத்தொகையும் விலங்கின் ஈட்டுத்தொகையோடு சேர்த்தே கணக்கில் வர வேண்டும், இல்லாவிட்டால் அவை இரவோடிரவாகப் பக்கத்துப் பண்ணைக்கு விற்கப்படும்.